‘மிஸ்டர் லெதர்’ போட்டி சும்மா உடம்பு காட்டுறதுக்குத்தானா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவுல கே ஆளுங்க, அதாவது ஆம்பளைங்கள விரும்புற ஆம்பளைங்க, தோல் ஜாக்கெட், தோல் பேண்ட், முழங்கால் வரைக்கும் பூட்ஸுன்னு மாட்டிக்கிட்டு ‘மிஸ்டர் லெதர்’னு போட்டி வெச்சு ஒருத்தருக்கு பட்டம் குடுக்குறாங்களே, இது உடம்பு காட்டுறதத் தவிர வேற என்ன, இதுல பிரைடு, உரிமைன்னு பேச என்ன இருக்குன்னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

பாதி சரிங்க. ஒரு ரவுண்டு உடம்பு காட்டுறதுக்குத்தான், அத மறைக்க என்ன இருக்கு. மீதி பாதியத்தான் சொல்லலாம்னு வந்தேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடுறேன். சொந்த ஊர் ஆம்பூர். எங்கப்பா ஷூ கம்பெனில கட்டிங் செக்ஷன்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். சின்ன வயசுல பஸ்ல தூங்கிட்டே வந்தாக்கூட ஊர் கிட்ட வந்துருச்சுன்னு டேனரி நாத்தத்த வெச்சே கண்டுபிடிச்சிருவோம். இப்ப சிகாகோவுல இருக்கேன், ஒன்பது வருஷம் ஆச்சு, நானும் கே தான். போட்டியில எல்லாம் நின்னதில்ல, அந்த உடம்பும் இல்ல, ஆனா என் நெருங்கின ஃப்ரெண்டு ஒருத்தன் பூட்பிளாக், அதாவது லெதர் பார்ல, விழாவுல உக்காந்து பூட்ஸ் துடைச்சு பாலிஷ் போடுறவன், அவன் புண்ணியத்துல இந்த உலகத்த கொஞ்சம் கிட்டக்க பாத்திருக்கேன்.

இதெல்லாம் ஆரம்பிச்சது ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு பட்டாளத்துலேருந்து வந்த ஆளுங்ககிட்ட. மோட்டார்சைக்கிள், தோல் ஜாக்கெட், கூட்டாளிங்களோட ஊர் சுத்துறது, இதுல கே ஆளுங்களும் தனியா கிளப் ஆரம்பிச்சாங்க, லாஸ் ஏஞ்சலஸ்ல சாடிர்ஸ்னு ஒரு மோட்டார்சைக்கிள் கிளப் 1954லயே தொடங்கி இன்னிக்கும் இருக்கு. கே-ன்னா பொம்பள மாதிரி இருப்பான்னு ஊரே நக்கல் பண்ண காலம், அதுக்கு இவங்க உடம்பாலயே, உடுப்பாலயே பதில் சொன்னாங்கன்னு வெச்சுக்கங்க. சிகாகோவுல சக் ரென்ஸ்லோன்னு ஒருத்தர் கோல்ட் கோஸ்ட்னு பார் நடத்தினார், அந்த நாட்டுல லெதர் ஆளுங்களுக்குன்னே வந்த முதல் பார்கள்ல அது ஒண்ணு. அவரோட பார்ட்னர் டாம் ஒரேஹூடோஸ் பாலே டான்ஸர், எட்டியேன்ங்கற பேர்ல படம் வரையுறவர், பார் சுவர் பூரா அவர் வரைஞ்ச ஆளுங்கதான்.

அந்த பார்ல ‘மிஸ்டர் கோல்ட் கோஸ்ட்’னு ஒரு போட்டி வெச்சாங்க. வியாபார ட்ரிக்குதான், கூட்டம் வரணும் பீர் விக்கணும், வேற புனிதம் எல்லாம் ஒண்ணுமில்ல. கூட்டம் பார்ல அடங்காம போனதும் 1979ல அதையே பெருசாக்கி ‘இன்டர்நேஷனல் மிஸ்டர் லெதர்’னு ஆக்கினாங்க, சுருக்கமா ஐஎம்எல். முதல் வருஷம் ஜெயிச்சது சான் ஃபிரான்சிஸ்கோவுலேருந்து வந்த டேவிட் க்ளாஸ். இன்னிக்கும் மே மாசக் கடைசி லீவு வாரத்துல சிகாகோவுல நடக்குது, ஓட்டல் லாபி முழுக்க தோல் வாசனை, லிஃப்டுல சூட்கேஸோட வர்ற சாதாரண டூரிஸ்ட் குடும்பங்க முழிக்கிற முழி இருக்கே, அது தனி காமெடி.

அப்ப இது பட்டம், தோள்ல குறுக்கா மாட்டி விடுற சாஷ் பட்டை, கைத்தட்டு இதோட நின்னுருக்கணும், ஏன் நிக்கலன்னா எய்ட்ஸ் வந்துச்சு. 1981லேருந்து ஒவ்வொருத்தரா சாக ஆரம்பிச்சாங்க, அரசாங்கம் வாயே தொறக்கல, வேலை போச்சு, வீட்டு வாடகை கட்ட முடியல, பெத்தவங்க வந்து பாக்கல. அப்ப ஊர் ஊரா போயி மேடையேறி காசு கேக்க ஒரு ஆள் வேணும், எல்லாருக்கும் தெரிஞ்ச முகமா இருக்கணும், கேட்டா பார்ல இருக்கறவன் பாக்கெட்ல கைய விடணும். அந்த ஆள் ஏற்கனவே சாஷ் போட்டு ரெடியா நின்னுக்கிட்டிருந்தான். பட்டம் ஒரு உத்தியோகமா மாறினது அங்கதான்னு நான் நினைக்கிறேன். பீர் வித்த காசு, ஏலம் விட்ட ஜாக்கெட், பாலிஷ் போட்டு வந்த டிப்ஸ் எல்லாம் உண்டியலுக்குப் போச்சு. சான் ஃபிரான்சிஸ்கோவுல அலன் செல்பின்னு லெதர் கடை வெச்சிருந்த இங்கிலாந்துக்காரர், அவர ‘ஃபோல்சம் தெரு மேயர்’னே கூப்பிடுவாங்க, நோயாளிங்களுக்கு வாடகை, கரண்ட் பில் கட்டி விடுற எய்ட்ஸ் எமர்ஜென்சி ஃபண்டுக்காக வருஷக்கணக்கா காசு திரட்டினார். அதே ஃபோல்சம் தெருவுல 1984ல தொடங்கின திருவிழா இன்னிக்கு லெதர் திருவிழான்னு உலகத்துக்கே தெரியும், ஆனா அத ஆரம்பிச்ச கேத்லீன் கானலும் மைக்கேல் வலேரியோவும் அந்த ஏரியாவ இடிச்சுக் கட்டுறேன்னு ஏழைங்கள வெளிய தள்ளுனதுக்கு எதிரா வேலை செஞ்சவங்க, எய்ட்ஸும் சேர்ந்து அந்தத் தெருவையே காலி பண்ணிக்கிட்டிருந்த நேரம் அது.

போட்டியில என்ன நடக்குதுன்னா, மேடைக்கு முன்னாடியே ஜட்ஜுங்க ஒவ்வொருத்தரையும் தனியா உக்கார வெச்சு இன்டர்வியூ எடுப்பாங்க, வெளியாளுங்க பாக்குறது மேடைய மட்டும்தான், மார்க்கு பெரும்பாலும் உள்ள இந்த ரூம்லயே விழுந்துரும்னு நின்னவங்க சொல்வாங்க. அப்புறம் மேடையில ஜாலியா கேள்வி கேக்குற ரவுண்டு, உடம்பு ரவுண்டு, கடைசியா சின்னதா ஒரு பேச்சு. 1984ல டென்வர்லேருந்து வந்த ரான் மூர் ஜெயிச்சார், ஐஎம்எல் பட்டம் வாங்கின முதல் கறுப்பர். 2010ல டைலர் மெக்கார்மிக், திருநம்பி, வீல்சேர்ல இருக்கறவர், அவர்தான் ஜெயிச்சார். உடம்பு காட்டுற போட்டி மட்டும்னா அது எப்படி நடக்கும்னு நீங்களே யோசிங்க. பொம்பளைங்களுக்கு ‘இன்டர்நேஷனல் மிஸ் லெதர்’ 1987ல வந்துச்சு, பூட்பிளாக்குங்களுக்குன்னு தனிப் பட்டம் 1993ல.

இந்த பூட்பிளாக் விஷயத்த கொஞ்சம் சொல்லணும், ஏன்னா எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி இருந்தது அதுதான். எங்க ஊர்ல தோல்னா சோறு, ஆனா தோல் வேலைன்னா என்ன மரியாதைன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஊருக்கே ஷூ தெச்சு ஏத்துமதி பண்ற இடத்துல அடுத்தவன் செருப்ப கையால தொடுறவன எந்தத் திண்ணையில உக்கார வெச்சாங்க. இங்க என் ஃப்ரெண்டு கீழ முக்காலி போட்டு உக்காந்திருப்பான், மேல உயரமான நாற்காலியில ஆள், பூட்ஸ் இவன் கைக்கு நேரா. முதல்ல குதிரைமுடி பிரஷ்ஷால தூசி, அப்புறம் ஈரத்துணில சோப்பு, அப்புறம் டப்பாவுல விரல விட்டு பாலிஷ எடுத்து வெறும் விரலாலயே தேய்ப்பான், கைச்சூட்டுல மெழுகு இளகி தோலுக்குள்ள போகும்பான். அவன் கட்டைவிரல் தையல் ஓரமா போறத பாத்தப்ப எங்கப்பா ஞாபகம்தான் வந்துச்சு, அவரும் அப்படித்தான் தோல மடிச்சு கட்டைவிரலால அழுத்தி எங்க தழும்பு, எங்க பழுதுன்னு கண்டுபிடிப்பார். அரைமணி நேரம் ஆகும். மேல உக்காந்தவன் அதுக்குள்ள செத்துப்போன லவ்வர் கதைய சொல்லி முடிச்சிருவான், அது அவன் விட்டுட்டுப் போன பூட்ஸா இருக்கும். வரிசையில நிக்கறவங்க யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. பட்டம் வாங்கின ஆளே எழுந்து பூட்பிளாக்குக்கு கை குடுத்துட்டுத்தான் போவான்.

இப்ப உரிமைக்கு வரேன். லெதர் உலகத்துல உடுப்பு மட்டுமில்ல, சம்மதத்தோட ஒருத்தர ஒருத்தர் வலிக்கப் பண்ணிக்கிற ஆசையும் உண்டு. 1987ல இங்கிலாந்து போலீஸ் கையில ஒரு வீடியோ சிக்குச்சு, வயசு வந்த ஆம்பளைங்க அவங்களுக்குள்ள சம்மதத்தோட ஒருத்தர ஒருத்தர் வலிக்கப் பண்ணிக்கிட்டது. போலீஸு கொலைன்னு நெனச்சு தோண்டித் துருவி விசாரிச்சாங்க, கடைசில பாத்தா யாரும் சாகல, யாரும் ஆஸ்பத்திரிக்குக்கூட போகல, யாரும் புகாரும் குடுக்கல. ஆனாலும் 1990ல பதினாறு பேருக்கு தண்டனை, சம்மதம் இருந்தாலும் குற்றம் குற்றம்தான்னு. அடி வாங்கினவனையும் குற்றத்துக்கு உடந்தைன்னு புடிச்சாங்கன்னா பாத்துக்கங்க. அப்ப அந்த நாட்டோட உச்ச கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போயி 1993ல மூணுக்கு ரெண்டுன்னு தோத்தாங்க, 1997ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்லயும் தோத்தாங்க. ஆபரேஷன் ஸ்பேனர்னு அந்த கேஸுக்கு பேரு. பட்டம் வாங்கினவன் மேடையில சம்மதம், சட்டம்னு பேசுறதுக்கு பின்னாடி இந்த பயம் இருக்கு. நியூயார்க் குரூப் ஒண்ணு 1983லயே ‘பத்திரமா, புத்தியோட, சம்மதத்தோட’ன்னு பொருள் வர்ற மாதிரி ஒரு வாசகம் எழுதிச்சு, 1987ல வாஷிங்டன்ல நடந்த பெரிய பேரணியில லெதர் ஆளுங்க தனி அணியா நடந்தப்பதான் அது நாடு பூரா பரவுச்சு.

இன்னொரு பக்கம் டாக்டருங்க. இந்த வலி ஆசையெல்லாம் மனநோய்னு புஸ்தகத்துலயே எழுதி வெச்சிருந்தாங்க, அத காட்டி புள்ளைய உங்கிட்ட விடமாட்டேன்னு கோர்ட்ல வாதாடலாம், வேலைய விட்டு தூக்கலாம். அமெரிக்காவுல 1997ல தொடங்கின ஒரு கூட்டமைப்பு இதுக்காகவே வேலை செஞ்சுது, 2013ல வந்த மனநல கையேடு, ஆசை வேற நோய் வேறன்னு பிரிச்சு எழுதிச்சு. நார்வேயில ஸ்வைன் ஷைட்னு ஒருத்தர் ‘ரிவைஸ் எஃப்65’னு ஒரு இயக்கத்தையே நடத்தினார், எஃப்65ங்கறது அந்த நோய்ப் பட்டியல்ல இருந்த நம்பர். டென்மார்க் 1995லயே சடோமசோகிசத்த, அதாவது இந்த வலி ஆசைய, பட்டியல்லேருந்து எடுத்துருச்சு, ஸ்வீடன் 2009, நார்வே 2010, உலக சுகாதார நிறுவனத்தோட புதுப் பட்டியல்ல இருந்தும் போயிருச்சு, 2022ல அது அமலுக்கு வந்தது. சாஷ் போட்டவன் பேர் போஸ்டர்ல வரும், இந்த மாதிரி ஃபைல் தூக்கிட்டு அலைஞ்சவங்க பேர் யாருக்கும் தெரியாது, அது என் வருத்தம்.

வருத்தம்னு வந்ததால இதையும் சொல்லிடுறேன், எல்லாம் தேனும் பாலும் இல்ல. பட்டம் ரொம்ப பெருகிப்போச்சு, தெருவுக்கு ஒரு மிஸ்டர், போற வர்ற டிக்கெட் செலவு பல நேரம் பட்டக்காரன் கைலேருந்துதான். வெள்ளக்காரக் கூட்டம்ங்கறதும் நெசம்தான், நான் முதல் தடவ ஒரு பாருக்கு போனப்ப கதவுகிட்ட நின்னவன் ‘வழி தப்பி வந்துட்டீங்களா’ன்னு கேட்டான், சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான், ஆனா கேட்டான்ல.

லெதர் ஆளுங்களுக்குன்னு ஒரு கொடி இருக்கு, கறுப்பும் நீலமும் மாறி மாறி, நடுவுல வெள்ளை, மூலையில சிவப்பா ஒரு இதயம். அத உருவாக்கின டோனி டிபிளேஸ் 1989 மே 28ல ஐஎம்எல்லதான் முதல்ல விரிச்சார். என்ன அர்த்தம்னு கேட்டதுக்கு பாக்குறவங்களே முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டுட்டார், எனக்கு அந்த ஆளப் புடிச்சது அதனாலதான். அவரும் ரென்ஸ்லோவும் சேந்து 1991ல லெதர் ஆர்கைவ்ஸ் அண்ட் மியூசியம் ஆரம்பிச்சாங்க, சிகாகோவுல ரோஜர்ஸ் பார்க் ஏரியாவுல, ஒரு காலத்துல யூதக் கோயிலா இருந்த கட்டடம். ஏன் மியூசியம்னா, எய்ட்ஸ்ல ஒருத்தர் செத்தா குடும்பம் வந்து வீட்டக் காலி பண்ணும்போது ஜாக்கெட், சாஷ், போட்டோ, லெட்டர் எல்லாத்தையும் அசிங்கம்னு குப்பையில போட்டுருவாங்க. கண்ணாடிக்குப் பின்னாடி அந்த மாதிரி தப்பிச்ச சாமான்தான் பாதி. ஒரு வெஸ்ட்டு, அது மேல இருக்குற கிளப் பின்னுங்கள எண்ண ஆரம்பிச்சு பாதில விட்டுட்டேன், அக்குள்கிட்ட உப்பு பூத்து தோல் வெளுத்திருந்துச்சு, வேர்வை. எங்கப்பாவா இருந்தா ‘மெயின்டெனன்ஸ் சரியில்ல’ம்பார்.

உப்புன்னதும் ஞாபகம் வந்துச்சு. சிகாகோவுல பனி காலத்துல ரோட்ல உப்பு கொட்டுவாங்க, பூட்ஸெல்லாம் வெள்ளக் கோடு விழுந்துரும், என் ஃப்ரெண்டு எத போட்டாலும் போகலன்னு பொலம்புனான். நான் ஆம்பூருக்கு போன் போட்டு அப்பாகிட்ட கேட்டேன். ‘வினிகர தண்ணில கலந்து துணில தொட்டுத் துடை, நிழல்ல காய வை, ஹீட்டர்கிட்ட வெச்சீன்னா தோல் வெடிச்சிரும், யாருதுடா ஷூ?’ன்னார். ஃப்ரெண்டோடதுப்பான்னேன். வேலை செஞ்சுது. இப்ப அவன் பெட்டில ஒரு பாட்டில் நிரந்தரமா இருக்கு, மேல மார்க்கர்ல ‘டாடி வாட்டர்’னு எழுதி வெச்சிருக்கான். லெதர் உலகத்துல டாடின்னா வேற, கெத்தான மூத்த ஆளுங்கள அப்படித்தான் கூப்பிடுவாங்க, வரிசையில நிக்கறவன் எல்லாம் அத பாத்து சிரிக்கிறான். அப்பா போன வாரமும் கேட்டார், ‘அந்த ஷூ கறை போச்சாடா?’ன்னு. போச்சுப்பான்னேன், அந்த பாட்டில் பேர மட்டும் சொல்லல.