டெல்டாவில் அவல் ஆலை: சட்டம் தடுக்கிறதா, தரகர் தடுக்கிறாரா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் நாலு ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா போடுகிறோம். ஊரிலேயே சின்னதாக அவல் ஆலை தொடங்க ஆசை. "டெல்டா பாதுகாக்கப்பட்ட மண்டலம், ஆலை வைக்க விடமாட்டார்கள், திருச்சிப் பக்கம் மனை வாங்குங்கள்" என்கிறார் ஒரு தரகர். மானியம் முடித்துத் தர 40,000 ரூபாயும் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 40,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுப்பது துத்தநாகம், செம்பு, அலுமினிய உருக்காலைகள், தோல் பதனிடுதல், புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் போன்றவற்றை. நெல்லை அவலாக்குவது அந்தப் பட்டியலில் இல்லை. மனை விற்கிறவருக்கு அந்தச் சட்டத்தின் பெயர் மட்டும் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்பது தேவையில்லை.

திருச்சிக்குப் போனால் என்ன ஆகும்? ஒரு டன் நெல்லில் ஏறத்தாழ 200 கிலோ உமி. அதற்கும் லாரி வாடகை கொடுப்பீர்கள். ஊரிலேயே இருந்தால் அந்த உமிதான் வறுவலுக்கு எரிபொருள். இன்னொரு கணக்கு: ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 15 என்றாலும் உங்கள் நெல் மொத்தம் 3,600 கிலோ. நாளைக்கு 100 கிலோ அவலுக்கு 160 கிலோ நெல்லாவது வேண்டும். மூன்று வாரத்தில் களஞ்சியம் காலி. மீதி நாளுக்கு அக்கம்பக்கத்து நெல்லைத்தான் நம்ப வேண்டும். அது டிராக்டரில் வந்து சேரும் தூரத்தில் இருப்பதே உங்கள் பலம்.

ஆனால் அந்த நெல் தை, மாசியில் ஒரே மூச்சில் வரும். அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கும்போது ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். 13-க்கு இறக்காமல் அடுக்கினால் பூஞ்சை, நிறமாற்றம், புளிச்ச வாடை. ஆகவே முதல் செலவு அவல் இயந்திரம் இல்லை. சிமெண்ட் களம், ஈரமானி, தரையிலிருந்து ஒரு அடி உயர மரக்கட்டை அடுக்கு, இந்த மூன்றும்தான். வருஷத்து நெல்லை மொத்தமாக வாங்க நடைமுறை மூலதனமும் வேண்டும். வங்கியில் இயந்திரக் கடனைக் கொடுத்துவிட்டு இதை மறந்துவிடுவார்கள். விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேளுங்கள்.

ஊறல் தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள். இரண்டு நாளில் நாறும், மூன்றாம் நாள் மனு போகும். தனித் தொட்டி கட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவை முதலிலேயே வாங்குங்கள். வயல் மோட்டாரின் இலவச மின்சாரத்தில் ஆலையை ஓட்டவே கூடாது. தனி இணைப்பு வாங்குங்கள், 12 கிலோவாட்டுக்குள் என்றால் குறுந்தொழில் கட்டணம்தான்.

இடத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். நன்செய்யில் கொட்டகை போடாதீர்கள், நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி வாங்குவதற்குள் அதிகாரியே மாறிவிடுவார். மனையோ புன்செய்யோ தேடுங்கள். அதிலும் கோயில், மட நிலம் என்றால் தனிக் கதை, டெல்டாவில் அது இல்லாத ஊர் குறைவு. கோயிலுக்கு அடிமனை வாடகை கட்டி அனுபவிக்கிறவர் "முப்பது வருஷமாக எங்களுடையது" என்று எழுதிக் கொடுப்பார். அந்தத் தாளுக்கு வங்கியில் மதிப்பில்லை. அவர் விற்றாலும் உங்களுக்கு உரிமை வராது, அறநிலையத்துறை எழுப்பினால் போட்ட ஷெட்டுக்கு இழப்பீடும் எதிர்பார்க்க முடியாது. குத்தகைக்கு எடுப்பதானால்கூடத் துறையின் எழுத்து அனுமதி, அதில் தொழில் பயன்பாடு என்ற சொல், குறைந்தது கடன் தவணை முடியும் வரையிலான காலம், மூன்றும் இருக்க வேண்டும். வாய்மொழி போதாது, ரசீதும் போதாது. பட்டாவோடு, நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய கிராமக் கணக்கான அ-பதிவேட்டையும் பார்த்தபிறகே முன்பணம்.

மானியத்துக்கு வருவோம். பிரதமரின் குறு உணவு நிறுவனத் திட்டத்தில் 35 சதவீதம், உச்சம் 10 லட்சம். நிலத்தின் விலை கணக்கில் வராது. 8 லட்சம் திட்டத்துக்கு உங்கள் பங்கு 80,000, கடன் 7.2 லட்சம், மானியம் 2.8 லட்சம். அது கைக்கு வரும் காசு இல்லை. வங்கியிலேயே தனிக் கணக்கில் மூன்று வருஷம் நிற்கும், தவணை ஒழுங்காகக் கட்டினால் பிறகு கழித்துக்கொள்வார்கள். உதவ மாவட்ட வள நபர் இருக்கிறார், அவருக்கு ஊதியம் அரசு கொடுக்கிறது. உத்யம் என்கிற குறு, சிறு தொழில் பதிவும் இலவசம். இதற்கெல்லாம் தரகர் எதற்கு? அதே ஆதார், அதே பட்டாவை நாலு இணையதளத்தில் திரும்பத் திரும்ப ஏற்றச் சொல்கிறார்கள். அந்த அலுப்பில்தான் தரகர் பிழைக்கிறார்.

இயந்திர டீலர் "கொட்டேஷனை ஏற்றிப் போடுகிறேன், உங்கள் பங்கைக் கட்டவே வேண்டாம்" என்பார். ஏறிய தொகைக்கும் வட்டி உங்களுடையது, ஆய்வில் பில் இடித்தால் மானியமும் போகும்.

வாங்குவதற்கு முன் உங்கள் நெல்லில் இரண்டு மூட்டையை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் போங்கள். முன்பு திருவாரூரில் நெல் பதன் ஆய்வு மையமாக இருந்ததுதான் அது. கட்டணம் கட்டி அங்குள்ள இயந்திரத்தில் அவல் தட்டிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஊறும் நேரம், உடைசல், எத்தனை நாளில் சிக்கு வாடை வருகிறது, மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மானியத் திட்டத்தின் காலம் இன்னும் ஓடுகிறதா என்பதை மட்டும் அதற்கு முன் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.