278 கேஇவி-யில் காமா எண்ணிக்கை சரிவது பற்றி

காட்பாடி நண்பருக்கு வணக்கம். டைட்டானியம் நைட்ரைடு டார்கெட்டில் (பீம் மோதும் இலக்கில்) புரோட்டான் பீமைச் செலுத்தி, நைட்ரஜன்-14 வினையை அதன் ஒத்ததிர்வில், அதாவது வினை திடீரென வலுக்கும் 278 கேஇவி (கிலோ எலெக்ட்ரான்வோல்ட்) ஆற்றலில், அளக்கும்போது காமா கதிர் எண்ணிக்கை மெல்லச் சரிகிறது, காமா நிறமாலையில் 6.1 எம்இவி (மெகா எலெக்ட்ரான்வோல்ட்) அருகே புரியாத மேடு தெரிகிறது என்கிறீர்கள். இவை இரண்டு தனிப் பிரச்சினைகள்.

முதலில் சரிவு. 278-லேயே நிற்காமல் 270 முதல் 300 கேஇவி வரை 2 கேஇவி படிகளாக ஸ்கேன் எடுங்கள். எண்ணிக்கை வளைவு ஏறத் தொடங்கும் முன்விளிம்பு மேல் ஆற்றலுக்கு நகர்ந்திருந்தால் டார்கெட் மேல் கார்பன் படிகிறது. பம்ப் எண்ணெய், கிரீஸ், கைரேகைதான் வழக்கமான காரணம். டார்கெட்டுக்கு மிக நெருக்கமாக, திரவ நைட்ரஜனில் குளிர்ந்த செப்புக் குழாய் வையுங்கள். அதற்கே மைனஸ் 300 வோல்ட் கொடுத்தால் இரண்டாம்நிலை எலெக்ட்ரான்கள் தப்பாது, மின்னோட்ட அளவும் பொய்க்காது. விளிம்பு நகராமல் வளைவின் தட்டையான மேல்தளம் மட்டும் தாழ்ந்தால் நைட்ரஜனே வெளியேறுகிறது: பீமைப் பரப்புங்கள், டார்கெட்டின் பின்பக்கத்தைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சோதியுங்கள். வேலூர் கோடையில் குழாய்த் தண்ணீரை நம்பாதீர்கள், சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வேண்டும்.

மேடு பெரும்பாலும் ஃபுளோரின். அது தரும் 6.13 எம்இவி காமாவும் உங்களுக்கு வேண்டிய 6.17-உம் சோடியம் அயோடைடு டிடெக்டரில் ஒன்றாகக் கலந்துவிடும், ஜெர்மானியம் டிடெக்டர்தான் பிரிக்கும். அது கிடைக்காவிட்டால் 6.17-ஐ அதன் 1.38 எம்இவி துணைக் காமாவோடு கோயின்சிடென்ஸ் போடுங்கள், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மட்டும் எண்ணுங்கள். பீமை 345-க்கு ஏற்றிப் பாருங்கள். 340-இல் ஃபுளோரினுக்கு வலுவான ஒத்ததிர்வு உண்டு, இருந்தால் மேடு எகிறும். டார்கெட்டைத் தாங்கும் டான்டலத் தகட்டை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கழுவினார்களா என்று, தயாரித்தவர்களிடம் கேளுங்கள்.