கண்ணாடி உடைந்தால் அம்மா பேசமாட்டாள்

வணக்கம் மேடம்,

எனக்கு 41 வயது. கோவையில் இருக்கிறோம். கணவர் ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர், கைக்கு 46,000 ரூபாய் வருகிறது. நான் வீட்டில் பிளவுஸ் தைப்பதில் மாதம் எட்டாயிரம் கிடைக்கும். சொந்த வீடு, கடன் இல்லை. ஒரே மகள், பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

வீட்டுக் கணக்கு என் கையில். உழவர் சந்தைக்கு மூடும் நேரத்தில்தான் போவேன். டிக்கெட் இல்லாத டவுன் பஸ் வரும்வரை முக்கால் மணி நேரம் ஆனாலும் நிற்பேன், மகளையும் நிற்க வைப்பேன். கரண்ட் 200 யூனிட்டைத் தாண்டிவிடக் கூடாது என்று ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து எழுதி வைப்பேன். இப்படித்தான் 11 லட்சம் பேங்கில் போட்டிருக்கிறோம்.

போன மாதம் பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. மகளின் பவர் மைனஸ் ஒன்றரையிலிருந்து இரண்டே முக்காலுக்குப் போயிருக்கிறது. ஒரு வருடமாகவே போர்டு தெரியவில்லையாம், பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். "ஏண்டி சொல்லல?" என்று கத்தினேன். "போன தடவை ஃப்ரேம் உடைஞ்சப்போ நீ ஒரு வாரம் என்கூடப் பேசலம்மா" என்றாள்.

அன்று ராத்திரி கணவரும் ஒன்றைச் சொன்னார். போன வருடம் 600 ரூபாய் என்று சொல்லி வாங்கி வந்த செருப்பு, உண்மையில் 1,400 ரூபாயாம். "உன் முகத்தைப் பார்க்க பயமா இருந்துச்சு" என்றார்.

எனக்கும் காரணம் இருக்கிறது மேடம். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்பா மீட்டர் வட்டிக்கு வாங்கிவிட்டுத் தலைமறைவாகிவிட்டார். வட்டிக்காரர்கள் திண்ணையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அம்மாவின் சீர் அண்டாவைத் தெருவே பார்க்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். இதை மகளிடம் சொன்னதில்லை. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும், அரிசி டிரம்மில் ஒளித்து வைத்திருந்த 62,000 ரூபாயைக் கணவர் முன்னால் கொட்ட வேண்டியதாயிற்று. அவர் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

ஐந்து லட்சம் சேர்ந்தால் நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பத்து லட்சத்திலும் வரவில்லை. நடுராத்திரியில் எழுந்து பாஸ்புக்கைப் பார்க்கிறேன். நான் சிக்கனக்காரியா, கஞ்சப் பிசினாறியா?

— கோவை வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியில் முதலில் கை வைக்கிறேன். செலவழிக்கும் மனம் பற்றி ஸ்காட் ரிக், சிந்தியா கிரைடர், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-ல் எழுதினார்கள். சிலருக்கு மிச்சம் பிடிப்பதில் சந்தோஷம். வேறு சிலருக்குப் பணத்தை எடுத்துக் கொடுப்பதே வலி. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். உழவர் சந்தையில் நீங்கள் முதல் வகை என்று நினைக்கிறேன். அங்கே பேரம் பேசி ஜெயித்துவிட்டு வருகிறீர்கள், அதை விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஃப்ரேம் உடைந்த அன்று நீங்கள் இரண்டாவது வகை. அந்த வலியை ஒரு வாரத்து மௌனமாக மாற்றி மகளிடம் வசூலித்துவிட்டீர்கள். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் ஒரு பொருளுக்கு இரண்டு விலை. ஒன்று கடைக்காரர் சொல்வது, இன்னொன்று உங்கள் முகம். செருப்புக்குக் கணவர் பொய் சொன்னது இரண்டாவது விலையைத் தவிர்க்கத்தான். மகள் அதற்குப் பயந்து பார்வையையே விட்டுக்கொடுத்திருக்கிறாள். அரிசி டிரம்மில் பணம் ஒளித்தவருக்கு இந்த ஒளித்தல் புரியாமல் இருக்காது.

ஐந்து லட்சத்திலும் பத்து லட்சத்திலும் நிம்மதி வராததில் எனக்கு ஆச்சரியமில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எவ்வளவு கேட்டார்கள் என்பது ஆறாம் வகுப்புச் சிறுமிக்குத் தெரிந்திருக்காது. தொகை தெரியாத கடனை எத்தனை லட்சம் வைத்து அடைக்க முடியும்? அதனால் உங்கள் பயத்துக்கு ஓர் எண்ணைக் கொடுப்போம். மாதச் செலவு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் கணக்கு நோட்டில் கட்டாயம் இருக்கும். பேச்சுக்கு 31,000 என்று வையுங்கள். ஆறு மாதச் செலவு 1,86,000. அதைத் தனி டெபாசிட்டாகப் போட்டு, அதற்கு 'அண்டா' என்றே பெயர் வையுங்கள், யாரும் தொட வேண்டாம். மொத்தம் 11 லட்சம் என்றால் கிட்டத்தட்ட 35 மாதம். வருமானம் அடியோடு நின்றாலும் ஏறக்குறைய மூன்று வருடம் உங்கள் வீட்டில் அடுப்பு எரியும். இதைக் கணவரோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாகப் போட்டால் எந்தக் கணக்கும் குறைவாகத்தான் தெரியும்.

நடுவில் ஒன்று. 11 லட்சமும் ஒரே பேங்கில், ஒரே பெயரில் இருந்தால் பிரித்துப் போடுங்கள். பேங்குக்கு ஏதாவது ஆனால், ஒருவருக்கு ஒரு பேங்கில் ஐந்து லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு. மருத்துவக் காப்பீடு பற்றியும் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கணவரின் சம்பளத்துக்கு இ.எஸ்.ஐ. வராது, கம்பெனி எதுவும் எடுத்திருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் உடனே எடுங்கள். மீட்டரையே வாரம் தவறாமல் பார்க்கிறவர் இதை விட்டுவைப்பது சரியில்லை. ஒரே ஒரு ஆஸ்பத்திரி பில் போதும், பத்து வருடத்து மிச்சம் போய்விடும்.

வீட்டுக்குள் இரண்டு ஏற்பாடு செய்யுங்கள். கண், பல், மருந்து, படிப்பு ஆகிய நான்குக்கும் உங்கள் அனுமதி தேவையில்லை, தகவல் சொன்னால் போதும். அப்புறம், மூன்று பேருக்கும் மாதாமாதம் கேள்வி கேட்காத பணம். கணவருக்கு 1,500, உங்களுக்கும் அதே, மகளுக்கு 500. உங்கள் பங்கை மிச்சம் பிடித்து டெபாசிட்டில் போட்டுவிடாதீர்கள். போடுவீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் கை நடுங்கும், நடுங்கட்டும்.

பாஸ்புக்குக்காக எழுந்திருப்பது இதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் நேரில் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

மகளிடம் மன்னிப்பு கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அண்டா போன கதையைச் சொல்லுங்கள். அம்மா ஏன் பேசாமல் இருந்தாள் என்பதற்கு அவளாக ஒரு காரணம் யோசித்து வைத்திருப்பாள். நிச்சயம் அது தன் தப்பு என்றுதான் இருக்கும்.

இந்த வாரமே கண்ணாடிக் கடைக்கு மூவருமாகப் போங்கள். ஃப்ரேமை அவளே எடுக்கட்டும், நீங்கள் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். பில்லைக் கணவர் கட்டட்டும். வீட்டுக்கு வந்ததும் சரியான தொகையை அவரே உங்களிடம் சொல்லட்டும். நீங்கள் அதைக் கணக்கு நோட்டில் எழுதிவிட்டு, காபி போடப் போங்கள்.