கையை எடுத்தால் நிற்க வேண்டும்

அன்புள்ள அண்ணாச்சி,

வீட்டுப் பட்டறை விபத்துகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் களியக்காவிளைக்காரன். வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பு இறக்கிச் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். பழைய தண்ணீர் மோட்டாரின் தண்டில் ஒரு தகட்டை வெல்டு வைத்து, அதில் ரப்பர் கட்டையை ஸ்குரூ அடித்துக் கிண்ணம் கடைகிறேன். உள்ளே குடைய ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடு. இதுவரை ஒன்றும் ஆகவில்லை. லேத் வாங்க வசதியில்லாதவன் கடையவே கூடாதா? அடுத்து மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரை எடுத்து மரத்தில் மின்சாரம் பாய்ச்சி, மின்னல் மாதிரி கருகிய கோடுகள் விழுகிற மின்னல் கோலம் போடலாம் என்று நினைக்கிறேன். அதையும் சொல்லுங்கள்.

— ஒரு வாசகர், களியக்காவிளை

அன்புள்ள தம்பி,

தாராளமாகக் கடையலாம். லேத்தைச் சொந்தமாகச் செய்துகொள்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. மோட்டார் வருவதற்கு முன்னால் நம் நாட்டில் சொப்பும் பம்பரமும் தொட்டில் காலும் கடைந்தது கயிற்றையும் வில்லையும் வைத்துத்தான். கயிற்றை இழுத்தால் கட்டை ஒரு பக்கம் சுற்றும், விட்டால் மறுபக்கம். உளி மரத்தில் மாட்டிக்கொண்டால் இழுக்கிற கைக்கு உடனே தெரியும், கை நிற்கும், கட்டையும் நிற்கும். அதுவும் வீட்டில் செய்த கருவிதான். ஆனால் மனிதக் கையின் பலத்துக்கு மேல் அதில் எதுவும் இல்லை. உங்கள் மோட்டாரில் எனக்குப் பயம் அந்த இடத்தில்தான்: நீங்கள் கையை எடுத்தாலும் அது நிற்காது.

மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். தண்ணீர் மோட்டார் என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2880 சுற்று என்று இருக்கும். பத்து அங்குலக் கட்டை அந்த வேகத்தில் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 138 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கடைசல்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் வர வேண்டும். பத்து அங்குலத்துக்கு 600 முதல் 900 சுற்று. அதுவும் கட்டை உருண்டையாகி, ஆட்டம் நின்ற பிறகு. கோடாலியில் கொத்திய கட்டைக்கு இதிலும் குறைவாகத்தான் தொடங்க வேண்டும். வேகம் மூன்று மடங்கானால், கட்டையைப் பிய்த்து எறியப் பார்க்கும் விசை ஒன்பது மடங்காகிறது. அந்த விசையைத் தாங்கி நிற்பது உங்கள் நாலு ஸ்குரூ.

நம் பக்கத்து ரப்பர் மரம் வெட்டினவுடன் ஈரமாகக் கனக்கும், ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. ஜிப்சம் போர்டுக்கு அடிக்கிற அந்தக் கறுப்பு ஸ்குரூவைத்தான் போட்டிருக்கிறீர்கள் என்றால் இன்றே கழற்றிவிடுங்கள். அது வளையாது, முறிந்துவிடும். கட்டையின் தலைப்பகுதியில், அதாவது நாரின் முனைகள் தெரியும் குறுக்குவெட்டுப் பக்கத்தில், எந்த ஸ்குரூவும் சரியாகப் பிடிக்காது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். இதுவரை மாட்டிய கட்டைகளில் உள்வெடிப்பு இல்லை, அவ்வளவுதான். நாளைக்கு மாட்டப்போவது வேறு கட்டை.

சரி, என்ன செய்யலாம்? தகட்டை மோட்டார் தண்டிலிருந்து பிரித்துவிடுங்கள். இரண்டு பேரிங் வைத்துத் தனியாக ஒரு தண்டு போடுங்கள். மோட்டாரில் இரண்டு அங்குலப் புல்லி, தண்டில் எட்டு அங்குலப் புல்லி, நடுவில் வி-பெல்ட். வேகம் 720-க்கு இறங்கிவிடும். உளி மாட்டினால் பெல்ட் வழுக்கவும் வழுக்கும். நேராகத் தண்டில் வெல்டு வைத்த தகட்டில் வழுக்க இடமே இல்லை, அடி முழுக்க உங்கள் மணிக்கட்டுக்குத்தான். சுவிட்சுக்குப் பதில் தோப்பில் பம்ப்செட்டுக்கு வைக்கிற பச்சை, சிவப்புப் பொத்தான் ஸ்டார்ட்டரைப் போடுங்கள். கரண்ட் போனால் அது விழுந்துவிடும், திரும்பி வந்தால் நீங்கள் அழுத்தினால் ஒழிய ஓடாது. வெறும் சுவிட்ச் என்றால், கரண்ட் போன நேரத்தில் கட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மோட்டார் எழுந்துவிடும். சிவப்புப் பொத்தான் கட்டைக்கு எதிரில் இருக்கக் கூடாது. பறக்கும் கட்டையைத் தாண்டிக் கையை நீட்டி அணைக்கிற நிலை வரக் கூடாது.

உளியைத் தாங்கும் சட்டம் கட்டைக்கு ஒட்டினாற்போல, ஒரு சாவி நுழைகிற இடைவெளியில் இருக்கட்டும். உளி முதலில் தொட வேண்டியது சட்டத்தை. அப்புறம்தான் மரத்தை. சட்டத்தில் படியாமல் அந்தரத்தில் மரத்தைத் தொட்டால், கட்டை அதைக் கீழே அறைந்து, நடுவில் இருக்கும் விரலைச் சட்டத்தோடு சேர்த்து நசுக்கும். கட்டை சுற்றும்போது சட்டத்தை நகர்த்த வேண்டாம். சுவிட்ச் போடும் முன் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசவில்லையா என்று.

கண்ணாடி மட்டும் போதாது, முகம் முழுக்க மறைக்கும் ஷீல்டு வேண்டும். சாரமும் தோளில் துண்டுமாகப் பட்டறைக்குள் போக வேண்டாம். கையில் கட்டிய கயிறு, கழுத்துச் சங்கிலி, முக்கியமாகக் கையுறை, எதுவும் வேண்டாம். பாலிஷ் போடும்போது துணியை விரலில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மரத்தூள் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாகவே வகைப்படுத்தியிருக்கிறது, அதனால் நல்ல மாஸ்க்கும் வேண்டும்.

கிரைண்டர் விஷயத்தில் நான் இறங்கிவர மாட்டேன். அந்தப் பல் பிளேடைக் கழற்றிவிடுங்கள். கிரைண்டர் பெட்டியில் வரும் கையேட்டைத் தேடிப் படித்துப் பாருங்கள், பல் பிளேடு மாட்டாதே என்று எச்சரித்திருப்பார்கள். நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். உரசித் தேய்க்கச் செய்த மிஷின் அது. பல் பிளேடு தேய்ப்பதில்லை, கடிக்கிறது. கிண்ணத்தின் குழிவில் ஒரு பல் நாரில் சிக்கினால் மிஷின் முழுசாகத் துள்ளித் திரும்பும், திரும்பும் திசையில் இருப்பது உங்கள் தொடை, கழுத்து, இடது கை. வட்ட ரம்பத்தில் மரத்தின் மேல் படியும் அடித்தகடு உண்டு, பிளேடை மூடும் உறை உண்டு. இதில் அடித்தகடும் கிடையாது, பிளேடை முழுக்க மூடும் உறையும் கிடையாது. லேத்தின் வேகத்தைக் குறைத்துவிட்டீர்கள் என்றால் உள்பக்கத்தை அங்கேயே நீளப் பிடி போட்ட தடித்த உளியால் குடைந்துவிடலாம். நேரம் கூடப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

மின்னல் கோலம் வேண்டவே வேண்டாம். இதில் எப்படிப் பாதுகாப்பாகச் செய்வது என்று கேட்டாலும் சொல்ல மாட்டேன். அந்த டிரான்ஸ்பார்மர் தருவது 2000 வோல்ட் அளவில், ஆளைக் கொல்லத் தாராளமாகப் போதும் கரண்டோடு. வீட்டில் போட்டிருக்கும் ஷாக் தடுக்கும் பிரேக்கர் அப்போது விழாது. டிரான்ஸ்பார்மரின் மறுபக்கத்தில் உங்கள் உடம்பு வழியாக என்ன ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. பல நாள் கைப்பழக்கம் உள்ளவர்களும் இதில் செத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கடைசல்காரர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைச் செய்துகாட்ட அனுமதிப்பதில்லை, தன் பத்திரிகையில் செய்முறை போடுவதும் இல்லை. அந்தப் பழைய மைக்ரோவேவை நீங்களே பிரிக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அப்படியே பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடையில் போட்டுவிடுங்கள்.