மெட்டு தொலையவில்லை, தாளத்தைப் பிடியுங்கள்

வணக்கம். ஹட்டன் - நுவரெலியா பஸ்ஸில் நூறு ஜாஸ் உருப்படிகள் கொண்ட பட்டியலைக் கேட்பதாகவும், இரண்டாவது நிமிடத்திலேயே மெட்டு தொலைந்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தப் பட்டியலை அழியுங்கள். பஸ்ஸும் சரிவராது. ஏற்றத்தில் எஞ்சின் உறுமும்போது பேஸ், அதாவது அடியில் ஒலிக்கும் அந்தப் பெரிய தந்தி வாத்தியம், காதில் விழாது. ஜாஸில் பிடிமானமே அதுதான்.

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு இசைத்தட்டு 'கைண்ட் ஒஃப் புளூ'. அதன் முதல் உருப்படி 'ஸோ வட்'. ஒரு வாரத்துக்கு இது மட்டும் போதும், இரவில், வீட்டில். பேஸ் ஏதோ கேட்கும், மற்றவை இரண்டே சுரத்தில் பதில் சொல்லும். அப்படி நான்கு பகுதிகள். மூன்றாவது மட்டும் அரைச் சுரம் மேலே ஏறும், நான்காவது பழைய இடத்துக்கே இறங்கும். அப்புறம் ட்ரம்பெட், சாக்ஸபோன் என்று ஒவ்வொருவராகக் கற்பனையில் வாசிக்கிறார்கள். அடியில் அதே சுற்றுத்தான் சுழல்கிறது. கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் கற்பனாஸ்வரத்தில் எங்கெங்கோ போனாலும் நாம் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்போமே, அதே வேலைதான். அந்த அரைச் சுர ஏற்றம் எப்போது வருகிறது என்று ஒருமுறை பிடித்துவிட்டால் மெட்டைத் தேட மாட்டீர்கள்.

அடுத்து டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்'. ஐந்து தட்டுத் தாளம், எண்ணிப் பாருங்கள். 1958இல் அந்தக் குழு இலங்கைக்கும் வந்து வாசித்திருக்கிறது.

சாக்ஸபோன் கலைஞர் ஜோன் கோல்ட்ரேனின் கடைசிக் கால இசைத்தட்டுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். நான் அங்கே தொடங்கி இரண்டு வருடம் ஜாஸ் பக்கமே வரவில்லை.