பீரங்கிக்கு முன் ஒரு பிரார்த்தனை: சாய்கோவ்ஸ்கியின் 1812-ஐ வீட்டில் கேட்பது எப்படி?

வாசகர் ஒருவரின் கேள்வி: சாய்கோவ்ஸ்கியின் 1812 ஓவர்ச்சரைக் குடும்பத்தோடு அமர்ந்து கேட்டோம். பீரங்கி முழங்கிய இடத்தில் என் பன்னிரண்டு வயது மகன் துள்ளிக் குதித்தான். அம்மா முகம் வாடி எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்குத் தொடக்கத்தில் கண் கலங்கியது, முடிவோ இரைச்சலாகப் பட்டது. போரைக் கொண்டாடும் இசையை ரசிப்பது தவறா? இதை எப்படிக் கேட்க வேண்டும், எந்தப் பதிவைக் கேட்கலாம்?

பதில்: உங்கள் வீட்டில் மூவரும் கேட்டது ஒரே இசைதான், ஆனால் ஒவ்வொருவர் மனமும் அதன் வெவ்வேறு இடத்தில் நின்றுவிட்டது. ஓவர்ச்சர் என்பது இசைக்குழு வாசிக்கும் ஒரே தொடர்ச்சியான படைப்பு; இது, 1812-இல் நெப்போலியனின் படையெடுப்பை ரஷ்யா எதிர்த்து நின்றதைப் பற்றி ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி எழுதியது. ஏறக்குறைய பதினைந்து நிமிடம் ஓடும் இந்தப் படைப்பில் பிரார்த்தனையும் உண்டு, போரும் உண்டு, வெற்றி விழாவும் உண்டு. ஆகவே உங்களில் யாருடைய உணர்வும் பிழையல்ல.

நீங்கள் கண் கலங்கிய அந்தத் தொடக்கம், 'ஆண்டவரே, உம் மக்களைக் காத்தருளும்' என்று ரஷ்யத் திருச்சபையில் பாடப்படும் வேண்டுதல். இசைக்குழு முழுவதும் காத்திருக்க, வயலின் இனத்தைச் சேர்ந்த, அதைவிட ஆழ்ந்த ஒலியுள்ள நான்கு செலோக்களும் இரண்டு வயோலாக்களும் மட்டும் அதை மெல்ல எடுக்கின்றன. 1812 ஜூனில் நெப்போலியனின் பெரும்படை ரஷ்ய எல்லையைக் கடந்தது; செப்டம்பரில் போரோதினோவில் கடும் போர் நடந்து, மாஸ்கோ அவர் கைக்குப் போய்த் தீக்கிரையானது; அக்டோபரில் அந்தப் படை திரும்பி நடக்கத் தொடங்கியது. அந்த ஆண்டைப் பற்றிய இசையைச் சாய்கோவ்ஸ்கி படைவீரர்களிடமிருந்து தொடங்காமல், காப்பாற்றச் சொல்லி வேண்டும் மக்களிடமிருந்து தொடங்கினார். பீரங்கிக்காகவே காத்திருப்பவர்கள் இந்தச் சில நிமிடங்களை ஓட்டிவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

ஆனால் இதைப் போரின் நேரடிச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாஸ்கோவில் நடக்கவிருந்த தொழில், கலைக் கண்காட்சிக்காக 1880-இல், போர் முடிந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, கேட்டு வாங்கப்பட்ட விழா இசை இது. முதல் முறையாக ஒலித்தது 1882 ஆகஸ்டில். பிரெஞ்சுப் படையைக் குறிக்க இதில் வரும் 'மார்செய்யேஸ்' என்ற பாடல், இன்று பிரான்ஸின் தேசிய கீதமானாலும், நெப்போலியனின் பேரரசில் தேசிய கீதமாக இருந்ததல்ல. பிரான்ஸ் அதற்கு அந்த இடத்தை மீண்டும் அளித்தது 1879-இல்தான். முடிவில் முழங்கும் 'இறைவா, ஜார் மன்னரைக் காப்பாய்' என்ற கீதம் 1833-இல் வந்தது. அதாவது 1882-இல் அரங்கில் இருந்தவர்கள் தங்கள் காலத்துப் பாடல்களைக் கொண்டே தங்கள் பாட்டனார் காலத்துப் போரை அடையாளம் கண்டார்கள்.

முடிவு இரைச்சலாகப் பட்டது என்கிறீர்கள். இயற்றியவரே உங்கள் பக்கம் இருக்கிறார். தம்மை ஆதரித்த நதேஷ்தா வான் மெக் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில், இந்த ஓவர்ச்சர் மிகுந்த சத்தமும் ஆரவாரமுமாக இருக்கும் என்றும், அன்பின் வெதுவெதுப்பு இல்லாமல் எழுதியதால் இதில் கலைச் சிறப்பு இருக்காது என்றும் அவர் சொன்னார். அதே மாதங்களில் எழுதிய 'தந்திக் கருவிகளுக்கான செரனேட்' பற்றியோ, உள்ளத்தின் உந்துதலால் பிறந்தது என்றார். இரண்டையும் அடுத்தடுத்து ஒரே மாலையில் கேட்டுப் பாருங்கள். ஆயினும் சாய்கோவ்ஸ்கி தம் ஓவர்ச்சரை அளவுக்கு மீறித் தாழ்த்திக்கொண்டார் என்றே நான் நினைக்கிறேன். அன்பின்றி எழுதிய கை அந்தத் தொடக்கத்தை எழுதியிருக்க முடியாது.

உங்கள் மகனின் மகிழ்ச்சியைக் கண்டிக்க வேண்டாம். அவனிடம் ஒரு வேலை கொடுங்கள்: குண்டுகளை எண்ணச் சொல்லுங்கள். இசைக்குறிப்பில் எழுதப்பட்டவை பதினாறு. 'மார்செய்யேஸ்' உச்சத்துக்கு ஏறும் இடத்தில் ஐந்து வெடிக்கின்றன. உடனே தந்திக் கருவிகள் ஒரே சிறு சுரக்கோவையைத் திரும்பத் திரும்பச் சொல்லியபடி கீழே இறங்கிக்கொண்டே போய், வேகமும் தளர்ந்து ஓய்கின்றன. ஒரு படை கலைந்து திரும்புவதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. அதன்பின் தொடக்கத்து வேண்டுதல் முழு இசைக்குழுவோடும் மணியோசையோடும் திரும்பி வருகிறது; மீதிப் பதினொன்றும் கடைசி ஓட்டத்தில் வெடிப்பவை. முதல் ஐந்து போர், பின்னைய பதினொன்று விழா என்ற வேறுபாட்டை அவனே கண்டுபிடிக்கட்டும். பல பதிவுகளில் எண்ணிக்கை கூடவோ குறையவோ செய்யும் என்பதால் அந்தத் தேடல் அவனுக்கு நல்ல விளையாட்டாகவும் இருக்கும்.

உங்கள் அம்மாவிடம், 'இது வெறும் இசைதானே' என்று மட்டும் சொல்லாதீர்கள். எதிர்பாராத வெடியோசைக்கு மனம் யோசிக்கும் முன்பே உடல் அதிர்ந்துவிடும். குண்டு எந்த இடத்தில் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது பாதி அதிர்ச்சியைக் குறைக்கும். பீரங்கிக்குப் பதில் பெரிய முரசை அடிக்கும் இசைக்குழுக்களும் பல உண்டு.

போரைக் கொண்டாடும் இசையை ரசிப்பது தவறா என்ற கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். இதன் முடிவு வெற்றியைக் கொண்டாடுகிறது, ஒரு மன்னராட்சியையும் கொண்டாடுகிறது. அதை மறைக்கத் தேவையில்லை. சோவியத் காலத்தில் ஜாரின் கீதத்தை எடுத்துவிட்டு, ரஷ்ய இசையமைப்பாளர் கிளிங்காவின் ஓப்பரா (இசை நாடக) மெட்டு ஒன்றை அங்கே பொருத்தி வாசித்தார்கள். அமெரிக்காவிலோ 1974-இல் இசைக்குழு நடத்துநர் ஆர்தர் ஃபீட்லர் பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழுவுடன் ஜூலை 4 விழாவில் இதை வாசித்ததிலிருந்து இது வாணவேடிக்கையின் இசையாகிவிட்டது. அதே 1812-இல் தொடங்கிய அமெரிக்க–பிரிட்டிஷ் போரைப் பற்றியது என்று நம்புவோரும் அங்கே உண்டு. 2022 மார்ச்சில், உக்ரைன்மீது ரஷ்யப் படையெடுப்பு தொடங்கிய சில நாட்களில், வேல்ஸில் கார்டிஃப் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இதைத் தன் நிகழ்ச்சியிலிருந்து விலக்கியது. அதைப் பலர் கண்டித்தார்கள். நகரங்கள்மீது உண்மையாகவே குண்டு விழுந்துகொண்டிருக்கும் வாரத்தில் பொது அரங்கில் பீரங்கி முழக்கத்தைத் தவிர்த்ததை நான் கருணையாகவே பார்க்கிறேன். அதனால் சாய்கோவ்ஸ்கியின் இசையே குற்றமுடையதாகிவிடாது. நீங்கள் வீட்டில் கேட்பதும் தவறாகாது.

பதிவுகளைப் பொறுத்தவரை, மினியாபொலிஸ் இசைக்குழுவோடு நடத்துநர் அந்தல் தோராத்தி 1958-இல் செய்த பதிவில் உண்மையான பழைய பீரங்கியின் ஒலி சேர்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் மகனுக்கு அது. 1978-இல் நடத்துநர் எரிக் கன்ஸெல் சின்சினாட்டி இசைக்குழுவோடு டெலார்க் நிறுவனத்துக்காகச் செய்த பதிவில் பீரங்கி ஒலி மிக வலிமையானது. ஸ்பீக்கருக்குச் சேதம் நேரலாம் என்ற எச்சரிக்கையோடுதான் அது விற்கப்பட்டது. தொடக்கம் மிக மெல்லியதாக இருப்பதால் எல்லோரும் ஒலியைக் கூட்டிவைப்பார்கள், கடைசியில் அதே அளவில் குண்டு வெடிக்கும். தவறு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. முதலில் முடிவுப் பகுதியை ஓடவிட்டு, அது தாங்கக்கூடிய அளவில் ஒலியை வைத்துக்கொண்டு, பிறகு ஆரம்பத்துக்கு வாருங்கள். ஹெட்ஃபோனில் கேட்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் நடத்துநர் காரயான் 1966-இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் செய்த பதிவைச் சொல்வேன். அதில் தொடக்கத்து வேண்டுதலைச் செலோக்களுக்குப் பதிலாக டான் கோசாக் பாடகர் குழு பாடுகிறது. அந்தப் பகுதி முடிந்ததும் நிறுத்திவிட்டு, மேலே கேட்கலாமா என்று அம்மாவிடமே கேளுங்கள்.