நீடிலை விடுங்கள், டியூபைப் பாருங்கள்: குளோ எஞ்சின் விமானம் பற்றிய கேள்வி-பதில்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் சின்ன ‘குளோ’ எஞ்சின் பொருத்திய ரேடியோ மாதிரி விமானங்களோடு சிங்கப்பூர் மைதானம் நிறைகிறது, கூடவே கேள்விகளும் வந்து சேர்கின்றன. இந்த முறை வந்தவற்றில் பல ‘எஞ்சின் சரியில்லை’ என்றுதான் தொடங்குகின்றன. படித்துப் பார்த்தால் எஞ்சின் மேல் தப்பு இருப்பது அபூர்வம்.

தரையில் அருமையாக ஓடுகிறது. லூப் போட (வானில் செங்குத்தாக வட்டமடிக்க) மூக்கைத் தூக்கினால் பாதியிலேயே அணைந்துவிடுகிறது. எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடிலைத் திருகித் திருகி அலுத்துவிட்டது அண்ணே. 46 சைஸ் (0.46 கன அங்குல) எஞ்சின், புதிது. (ஈசூன்)

நீடிலிலிருந்து கையை எடுங்கள் தம்பி. முதலில் டேங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே எரிபொருளை உறிஞ்சும் டியூபின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு இருக்கும், ‘கிளங்க்’ என்போமே, அது டேங்கின் பின்சுவர் பக்கம் இருக்கிறதா? கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தரையிறங்கியிருந்தால் அது முன்பக்கம் பாய்ந்து, டியூப் மடிந்து, அங்கேயே தங்கிவிடும். விமானம் சமமாகப் பறக்கும்வரை ஒன்றும் தெரியாது. மூக்கைத் தூக்கியதும் எரிபொருள் பின்னால் போகும், முன்னால் மாட்டிக்கொண்ட குண்டு காற்றை உறிஞ்சும், எஞ்சின் நிற்கும்.

குண்டு சரியான இடத்தில்தான் இருக்கிறது என்றால் அடுத்தது டியூப். பித்தளைக் குழாயில் சிலிக்கான் டியூப் மாட்டியிருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் கீறல் விழும். ஊசிமுனை அளவு ஓட்டை போதும். டேங்கைத் தண்ணீர் நிறைந்த வாளியில் அமுக்கி, ஒரு குழாயை விட்டு மற்றவற்றை அடைத்துவிட்டு, சிரிஞ்சால் காற்றை உள்ளே தள்ளுங்கள். குமிழி வருகிற இடம்தான் குற்றவாளி. வாயால் ஊத வேண்டாம், உள்ளே இருந்தது மெத்தனால். டேங்கிற்குள் இருக்கும் டியூபை இப்படிச் சோதிக்க முடியாது. அதை வளைத்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, டேங்கின் உயரம். அதன் நடுக்கோடு கார்புரேட்டர் நீடிலின் மட்டத்திலோ அதற்கு ஒரு சென்டிமீட்டர்வரை கீழேயோ இருக்க வேண்டும். அதைவிடக் கீழே இருந்தால் நேராகப் பறக்கும்போது ஒரு கலவை, தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு கலவை. சாகச விமானத்துக்கு அது ஆகாது. டேங்கைச் சுற்றி மெத்தென்ற ஃபோமும் வையுங்கள். அதிர்வில் எரிபொருள் நுரைத்தால் டியூபில் குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

இவ்வளவும் முடிந்தபிறகுதான் நீடில். முழு திராட்டிலில் உச்ச சுருதிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து 300 முதல் 500 ஆர்பிஎம் குறையும்வரை எரிபொருளைக் கூட்டுங்கள். பிறகு ஒருவர் விமானத்தைக் கெட்டியாகப் பிடித்து மூக்கை வானத்துக்குத் தூக்கட்டும். சுருதி லேசாக ஏறினால் சரி. இறங்கினால் இன்னும் கொஞ்சம் எரிபொருள் வேண்டும். நம் ஊரில் காலை எட்டு மணிக் காற்றும் மதியம் இரண்டு மணிக் காற்றும் ஒன்றல்ல. சூடான, ஈரமான காற்றில் ஆக்சிஜன் குறைவு. அதனால் ஒவ்வொரு முறை மைதானம் போகும்போதும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

புது எஞ்சினை முதல் சில டேங்க் முழுக்க ‘ரிச்’ ஆக (எரிபொருள் கூடுதலாக), மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டுமா? கடையில் ஒன்று சொல்கிறார்கள், மைதானத்தில் வேறு சொல்கிறார்கள். (ஜூரோங் வெஸ்ட்)

இருவருமே சரி, வேறு வேறு எஞ்சினுக்கு. பிஸ்டனில் ரிங் இருந்தால் நிறைய எரிபொருளோடு குளிர்ச்சியாக ஓட்டிப் பழக்கலாம். ஏபிசி (அலுமினிய பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை சிலிண்டர்) வகையில் ரிங் கிடையாது, சிலிண்டர் மேலே போகப் போகக் குறுகும். சூடேறி விரிந்தால்தான் பிஸ்டன் அதில் ஒழுங்காக உட்காரும். அதைக் குளிரக் குளிர ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் உச்சியில் உரசித் தேயும். அதனால் கொஞ்சம் ரிச்சாக ஆரம்பித்து, சில விநாடிகள் நீடிலை இறுக்கி ‘கிர்ர்’ என்ற சுருதிக்கு ஏற்றி, மறுபடி இறக்கி, மாறி மாறி ஓட்டுங்கள். உங்களுடையது எது என்பதை எஞ்சினோடு வந்த தாளிலேயே போட்டிருப்பார்கள்.

மூன்று மாதம் பறக்கவில்லை. இப்போது ப்ரொப்பெல்லர் அசையவே மாட்டேன் என்கிறது. இடுக்கி போட்டுத் திருப்பலாமா? (புக்கிட் பாத்தோக்)

ஐயோ, வேண்டாம். உள்ளே இறுகியிருப்பது பெரும்பாலும் ஆமணக்கு எண்ணெய். எரிபொருளில் கலந்திருக்கும் காஸ்டர் எண்ணெய் காய்ந்தால் வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தலைமுடி உலர்த்தியை எஞ்சின் மேல் நிதானமாகக் காட்டுங்கள். நன்றாகச் சூடானதும் ப்ரொப்பெல்லரைக் கையால் முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். விட்டுக்கொடுக்கும். எஞ்சின் ஆறியபிறகு குளோ பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் எரிபொருள் விட்டு, சுற்றிக் கழுவுங்கள். சூட்டோடு மெத்தனாலை ஊற்ற வேண்டாம்.

பிளக் இல்லாமல் சுற்றும்போது விரலில் ‘கரகர’ என்று படுகிறதா? அப்படியானால் பேரிங் துருப்பிடித்துவிட்டது. மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சிங்கப்பூரில் இழுப்பதற்கு ஈரத்துக்கா பஞ்சம்? பின்பக்கப் பேரிங்தான் பெரும்பாலும் முதலில் போகும். எஞ்சினைப் பிரித்து, கிராங்க்கேஸை (எஞ்சினின் வெளிக்கூட்டை) ஓவனில் சூடாக்கி, மரப்பலகையில் ஒரு தட்டு தட்டினால் பழைய பேரிங் விழுந்துவிடும். சமையலறை ஓவனை மட்டும் தொடாதீர்கள். காஸ்டர் புகை வாசம் ஒட்டிக்கொண்டால் தீபாவளிப் பலகாரம்வரை பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். கடைசிப் பறப்பு முடிந்ததும் திராட்டிலை மூடி நிறுத்தாதீர்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருள் டியூபைக் கிள்ளிப் பிடித்து, உள்ளே இருப்பதெல்லாம் எரிந்து தானாக அணையட்டும். பிறகு டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் வழியாகச் துருவைத் தடுக்கும் ‘ஆஃப்டர்-ரன்’ எண்ணெய் சில சொட்டு விட்டு, ஸ்டார்ட்டரால் சுற்றிவிடுங்கள். ஏபிசி எஞ்சின் என்றால் பிஸ்டனைக் கீழ்நிலையில் நிறுத்துங்கள். சூட்டில் உச்சியில் விட்டால் ஆறும்போது சிலிண்டர் அதைக் கவ்விக்கொள்ளும். மைதானத்திலேயே செய்யுங்கள். ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் அது நடக்காது.

ஏர்கான் அறையில் வைத்திருந்த இறக்கையில் மேலே போர்த்திய கவரிங் ஃபிலிம் சுருங்கிச் சுருங்கித் தொங்குகிறது. மட்டமான ஃபிலிமா? (செங்காங்)

ஃபிலிமைத் திட்டாதீர்கள். பால்சா மரம் ஈரத்தில் விரியும், உலர்ந்தால் சுருங்கும். ஏர்கானில் மரம் சுருங்க, மேலே இருக்கும் ஃபிலிம் தளர்ந்துவிட்டது. முதலில் ஓரங்களை எல்லாம் அயர்ன் வைத்து நன்றாக ஒட்டுங்கள். அதன்பிறகே ஹீட் கன். வரிசையை மாற்றினால் ஓரம் பிய்த்துக்கொண்டு வரும். இறக்கையின் விலா எலும்புகளுக்கு (குறுக்குச் சட்டங்களுக்கு) நடுவே காற்று அடைபட்டுப் பலூன் போல உப்பினால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குண்டூசியால் ஒரு துளை. ஒரே பக்கத்தில் சூட்டைக் காட்டினால் இறக்கையே முறுக்கிக்கொள்ளும், ஆகவே மேலும் கீழும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். முடிந்ததும் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணை மூடி, இரண்டு இறக்கைகளின் பின்விளிம்பையும் ஒப்பிடுங்கள். திறந்தவெளிக் கார்நிறுத்தத்தில் காருக்குள் விமானத்தை விட்டுவிட்டு ரொட்டி பரோட்டா சாப்பிடப் போகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

எஞ்சின் பக்கத்தில் ஃபிலிம் முடியும் ஓரங்களையும், எஞ்சின் பொருத்தும் பலகையையும், டேங்க் அறையையும் ஆல்கஹாலில் நீர்க்கக் கரைத்த எப்பாக்ஸி பூசி அடைத்துவிடுங்கள். எண்ணெய் குடித்த பால்சாவில் பிறகு எந்தப் பசையும் சரியாக ஒட்டாது.

நைஃப்-எட்ஜ் போடும்போது (ஓர் இறக்கை மேலே, மற்றது கீழே இருக்கப் பக்கவாட்டில் பறக்கும்போது) விமானம் வயிற்றுப் பக்கமாக இழுக்கிறது. ரேடியோவில் மிக்ஸ் (ஒரு கட்டுப்பாட்டை அசைத்தால் இன்னொன்றும் தானாக அசையும் அமைப்பு) போட்டுச் சரிசெய்யலாம் என்கிறார்கள். (சுவா சூ காங்)

செய்யலாம், ஆனால் கடைசியில். முதலில் புவியீர்ப்பு மையம். டேங்க் காலியாக இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். டேங்க் மூக்குப் பக்கம் இருப்பதால் எரிபொருள் தீரத் தீர மையம் பின்னால் நகரும். புது விமானத்தை இறக்கையின் சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 விழுக்காட்டில் நிறுத்தித் தொடங்குங்கள். பிறகு உயரத்தில் சமமாகப் பறந்து தலைகீழாகத் திருப்புங்கள். மூக்கைத் தூக்கி நிறுத்த எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) குச்சியை நிறையத் தள்ள வேண்டியிருந்தால் மூக்கு கனம். பேட்டரியைப் பின்னால் நகர்த்துங்கள், ஒரு முறைக்குச் சில மில்லிமீட்டர்தான். தலைகீழில் கொஞ்சமாகத் தள்ளினால் போதும் என்கிற நிலைக்கு வரும்போது வயிற்றிழுப்பும் பெரும்பாலும் குறைந்திருக்கும். மிச்சம் இருப்பதற்கு ரட்டருடன் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகையுடன்) சிறிது மேல்-எலிவேட்டர் மிக்ஸ்.

பக்கவாட்டுக் கனத்தையும் பாருங்கள். சைலன்சர் ஒரு பக்கம் தொங்குவதால் அந்த இறக்கை கனக்கும், லூப் கோணும். ப்ரொப்பெல்லர் நட்டிலும் வாலிலும் விரலால் தாங்கிப் பிடித்து, எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர் இறக்கை நுனியில் எடை வையுங்கள். செங்குத்தாக ஏறும்போது இடப்பக்கம் ஒதுங்கினால் எஞ்சின் மவுண்டுக்கு அடியில் வாஷர் வைத்து வலப்பக்கம் இரண்டு டிகிரி திருப்புங்கள்.

அம்மா எரிபொருள் கேனை வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார். வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, தம்பி சிறியவன். (உட்லண்ட்ஸ்)

அம்மா சொல்வது நியாயம். மெத்தனால் விஷம். கொஞ்சம் உள்ளே போனாலே கண் பார்வை போகலாம், உயிரும் போகலாம். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை தெரியாது. ஒரு கேன் மட்டும் வாங்குங்கள். கடைக் கேனிலேயே, மூடியை இறுக்கி, அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் எட்டாத, பூட்டிய இடத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கம் ஒரு நாளும் வேண்டாம். யாராவது குடித்துவிட்டால் உடனே 995. வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று விமானப் பயணப் பெட்டியில் போட்டுக்கொண்டும் வராதீர்கள், அனுமதி கிடையாது.

அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே உள்ள திடலில் பறக்கவிடலாமா? (தெம்பனிஸ்)

கூடாது. 250 கிராமுக்கு மேற்பட்ட எதையும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 1.5 கிலோவைத் தாண்டினால் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், 46 சைஸ் விமானம் நிச்சயம் தாண்டும். விமான நிலையங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும், கடல்மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேலும் அனுமதியில்லாமல் பறக்க முடியாது. 200 அடி என்பது சுமார் 60 மீட்டர். ஒரு நல்ல பெரிய லூப்புக்கே அது போதாது. உங்கள் பகுதி சாங்கிக்கும் பாய லேபாருக்கும் நடுவில் வேறு. முறையான அனுமதியோடு பறக்கும் குழு ஒன்றில் சேர்வதுதான் வழி. குளோ எஞ்சினின் சத்தமும் எண்ணெய்ப் புகையும் வேறு எங்கே செல்லுபடியாகும்?

ஸ்டார்ட் செய்தபிறகு, குளோ பிளக்கைச் சூடாக்கும் பேட்டரியை எடுத்ததும் எஞ்சின் சுருதி இறங்குகிறது. (தேக்கா)

குளோ பிளக்கில் இருக்கும் பிளாட்டினக் கம்பிதான் மெத்தனாலின் வினையைத் தூண்டி தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். உங்களுடையது காத்துக்கொள்ளவில்லை. புது பிளக் போடுங்கள். அப்படியும் இறங்கினால் குறைந்த வேகத்தில் எரிபொருள் அதிகம், ஐடில் திருகை (குறைந்த வேகத்துக்கான எரிபொருள் திருகை) எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள்.